கோவளத்தில் ஒரு பழைய பாக்கி

முதலில் ஒரு முக்கியமான விஷயம். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு.

கிளாம்பாக்கம் என்பது ஜி.எஸ்.டி. ரோட்டில், எங்கள் கூடுவாஞ்சேரிக்கும் வண்டலூருக்கும் நடுவில், 2023 டிசம்பர் 30-ம் தேதி புது பஸ் நிலையம் திறந்தார்களே, அது. கேளம்பாக்கம் என்பது அங்கிருந்து கிழக்கே கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குப் பக்கத்தில் இருப்பது. ஈரோட்டிலிருந்து வந்த என் மாமனார், "மாப்ளே, கேளம்பாக்கத்துல எறங்கிட்டனுங்க" என்று போன் பண்ணினார். நானும் அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் போய் நின்றேன். அவர் கிளாம்பாக்கத்தில் நின்றார். ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் "இங்கதான் நிக்கறேன்" என்று சத்தியம் பண்ணினோம். இரண்டுமே நிஜம்!

எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இப்படி ஒரு டூப்ளிகேட் இருக்கும். கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே நெல்லிக்குப்பம் இருக்கிறது. கடலூர் பக்கம் இன்னொரு நெல்லிக்குப்பம். அதேபோல்தான் கோவளமும். என் பெண் ஸ்கூலில், "லீவுக்கு கோவளம் போறோம் மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். "ஓ! ட்ரெயினா, ஃபிளைட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் நினைத்தது கேரளாவை. நாங்கள் போனது முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற நம்ம ஊர்க் கோவளத்துக்கு, பழைய ஆல்ட்டோவில்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'கடலோரச் சாப்பாட்டுச் சுற்றுலா' என்று நானே ஒரு பெயர் வைத்து, பி.காம். படித்தவன் என்பதால் கோடு போட்ட நோட்டில் நாலு காலம் பிரித்து, பிளான் எழுதினேன். நேரம், இடம், ஐட்டம், உத்தேசச் செலவு. ஐட்டம் காலத்துக்காக ராத்திரி முழுக்க செல்போனில் வீடியோ பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஒரே மாதிரி ஓர் இளைஞர் வஞ்சிரத் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஐந்து விநாடி பேச்சை நிறுத்தி, பிறகு தலையை ஆட்டுகிறார். பதினாலு கடை சேர்ந்துவிட்டது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு ஒரு வயிறுதானுங்க?"

அப்போதுதான் அது நடந்தது. ஹாலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அம்மா, "கோவளத்துக்கா? நானும் வரேன்" என்றாள்.

எனக்கு நோட்டு கைநழுவியது. அப்பா போன பிறகு அம்மா எங்கேயும் வந்ததில்லை. கல்யாணம் என்றால் மொய்க் கவரைக் கொடுத்தனுப்புவாள்; பொருட்காட்சி என்றால் "டெல்லி அப்பளம் வாங்கிட்டு வா" என்பாள். அவளாக வருகிறேன் என்றால் ஏதோ இருக்கிறது. அதோடு, ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நாலாக மடித்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டதையும் பார்த்துவிட்டேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரம் என்பது அவள் ரத்தத்தில் ஓடுவது. கறிவேப்பிலைக்குப் பேரம் பேசுவாள். விலை அச்சடித்த பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பேரம் பேசுவாள். கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் அவள் தலை தெரிந்தால் சில கடைக்காரர்கள், "டேய், நீ பாத்துக்கடா" என்று பையனை உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வண்டலூரில் வலது பக்கம் திரும்பி கேளம்பாக்கம் ரோடு. கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று வரிசையாக வருகிறது. ஊருக்கு இரண்டு இன்ஜினீயரிங் காலேஜ், நாலு 'லேக் வியூ' அபார்ட்மென்ட். லேக் இருந்த இடத்தில்தான் அபார்ட்மென்ட் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

கேளம்பாக்கம் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் உப்பளம், கழிமுகத் தண்ணீர், காற்றில் உப்பு வாசனை. சீசனில் வந்தால் பூநாரைகூடக் கண்ணில் படும். நாங்கள் போனது மே; நாலு கொக்குதான் எங்களை வரவேற்றது.

"நேரா கோவளத்துக்குப் போடா" என்பாள் என்று பார்த்தால், அம்மா, "முதல்ல கோயில். மீன் வாங்கின கையோட பெருமாள் முன்னாடி நிக்கச் சொல்றியா?" என்றாள். பிளானில் முதல் அடித்தல்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வலது பக்கம் திரும்பி ஐந்தாறு கிலோமீட்டர் போனால் திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காலவ முனிவருக்கு 360 பெண்கள்; பெருமாள் தினம் ஒருத்தியாக வருஷம் முழுக்கக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தல புராணம். முன்னூற்று அறுபது முகூர்த்தத்துக்குப் பந்தி செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று என் மனம் தன்னால் கணக்குப் போட்டது. கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறார்கள். ஆதிவராகர் தாயாரை இடது தொடையில் தாங்கி, காதோடு ஏதோ பேசுகிற மாதிரி நிற்கிறார். என் மனைவி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை கல்யாணம் பண்ணியும் பேசறதுக்கு நேரம் இருக்குது பாருங்க" என்றாள். நான் பேசாமல் பிரசாதம் வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வருகிற வழியில்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"உனக்குக் கோவளத்தம்மாவை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எனக்கு எட்டு வயசு. வாரத்தில் மூன்று நாள், தலையில் அலுமினியக் கூடையோடு, இரண்டு பஸ் மாறி வருவாள். "மீனேய்..." என்ற குரல் எங்கள் தெருமுனையில் கேட்டதுமே பூனைகள் கூடிவிடும். பெயர் யாருக்கும் தெரியாது. இடது கையில் ஒரு தேள் பச்சை குத்தியிருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்ப்பேன். "கொட்டிடும் கண்ணு" என்பாள்.

1996-ல் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு. ஏழு மாதம் சம்பளம் இல்லை. மளிகைக் கடையில் நிறுத்தினார்கள், பால்காரர் நிறுத்தினார். கோவளத்தம்மா மட்டும் நிறுத்தவில்லை. "புள்ள சாப்புடணும் இல்ல?" என்று ஒரு கை அள்ளி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு கிழிப்பாள். ஒரு கோடு ஐந்து ரூபாய். அந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கதவுக்குப் பின்னால் மட்டும் அப்பா அடிக்கவில்லை. அம்மா அடிக்க விடவில்லை.

கம்பெனி திறந்தது. முதல் சம்பளத்தில் பாதிக் கோடுகள் அழிந்தன. பிறகு ஒரு நாள் கோவளத்தம்மா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

"முப்பத்தேழு கோடு பாக்கி" என்றாள் அம்மா. "நூத்தி எண்பத்தஞ்சு ரூபா. ரொம்ப நாள் கடுகு டப்பாவுலயே வெச்சிருந்தேன்."

அந்த வீட்டை இடித்து நாலு மாடி ஃபிளாட் கட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. சுவரே இல்லை. கோடு மட்டும் இருக்கிறது!

"இத்தனை வருஷம் ஏம்மா வரலை? முப்பது கிலோமீட்டர்தானே?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வரலாம்னுதான் இருந்தேன். அப்புறம் சுனாமி வந்துச்சு. டி.வி.யில காட்டினப்பல்லாம் அவ முகம் தெரியுதான்னு பாத்தேன். போய் விசாரிச்சு, அவ இல்லைன்னு சொல்லிட்டா... அப்புறம் யாருகிட்ட குடுக்கறது?"

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இருபது வருஷம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பி.காமில் வாராக்கடன் என்று ஒரு பாடம் படித்திருக்கிறேன். இது தராக்கடன். இதற்கு எந்த நோட்டில் பதிவு போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மனசுக்குள் எட்டு சதவீதம் கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வந்தது. வெளியே சொல்லவில்லை.

கோவளத்துக்குப் பல முகம். 1752-ல் ராபர்ட் கிளைவ் வந்து பிடித்த கோட்டை இருந்த ஊர். தர்கா இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது. 2021-ல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. மீனவர் வீட்டுப் பையன்கள் பலகையில் நின்று அலைமேல் வழுக்கிக்கொண்டு வருகிறார்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் அவர்களிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டு தொபுக்கடீர் என்று விழுகிறார்கள். நாங்கள் போனது படகுகள் கரையேறும் பக்கம்.

சாப்பாட்டு யாத்திரை கிளம்புகிறவர்களுக்கு இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதால். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். ஆனால் தடை விசைப்படகுகளுக்குத்தான். கோவளம் மாதிரி ஊர்களில் சின்ன ஃபைபர் படகில் போகிறவர்களுக்குக் கிடையாது. அவர்கள் விடியலுக்கு முன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்புகிறார்கள். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ல்தான் ஆரம்பம். அதனால் மே மாதம் நம் ஊர் ஓட்டலில் தட்டில் வந்து விழுகிற வஞ்சிரம், ஐஸில் படுத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஏறி வந்ததாகக்கூட இருக்கலாம். கடலைப் பார்த்துக்கொண்டே அடுத்த கடல் மீனைத் தின்பதற்கு எதற்குப் பெட்ரோல்? ஆகவே, கரையில் போய் "எது ஃபேமஸ்?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன பாடு?" என்று கேளுங்கள். பாடு என்றால் அன்றைக்கு வலையில் பட்டது. அதுதான் மெனு.

அன்றைய பாடு நெத்திலி, சங்கரா, காரப்பொடி, கொஞ்சம் எறா, நிறையக் கவலை. கவலை என்பது மத்தி ஜாதி மீன். "அப்பா, ஏன் கவலைன்னு பேரு?" என்றாள் மகள். "எப்பவும் கிடைக்கும், மலிவா கிடைக்கும்" என்றேன்.

அம்மா நேராக ஒரு வயசான பெண்மணியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, முன்னாடி இங்கேருந்து கூடுவாஞ்சேரிக்குக் கூடையில மீன் கொண்டாருவாங்களே, ஒரு அம்மா..."

"பேரு இன்னா?"

"பேரு தெரியாது. கோவளத்தம்மான்னு கூப்பிடுவோம்."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "இங்க குந்தினு கீறவங்க எல்லாம் கோவளத்தம்மாதான்!"

"இடது கையில தேள் பச்சை குத்தியிருப்பாங்க."

அந்தப் பெண்மணி ஒன்றும் பேசாமல் தன் இடது கையை நீட்டினாள். தேள். பக்கத்தில் இருந்தவளும் நீட்டினாள். அதிலும் தேள். "அப்ப திருவிழாவுக்குப் பச்சை குத்துறவ ஒருத்தி வருவா. அவளுக்குத் தேளும் கோலமும்தான் வரும். கோலம் குத்துனா வலி ஜாஸ்தின்னு எல்லாரும் தேள் குத்திக்கினோம்."

அம்மா விடவில்லை. கதவடைப்பு, கரிக்கோடு, முப்பத்தேழு, கடுகு டப்பா எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்த வருசம்?"

"தொண்ணூத்தாறு."

"அப்ப கூடை தூக்குனவங்க பத்துப் பாஞ்சு பேரு இருந்தோம். பாதிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. சுனாமிக்கு அப்பால புள்ளைங்களோட உள்ளாரப் போனவங்க இருக்காங்க. நீ கேக்குறது யாருன்னு நான் இன்னாத்த சொல்ல?" என்று கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும்தான் வண்டலூர்ல ரெண்டு வூடு, மாம்பாக்கத்துல ஒரு வூடு பாக்கி நிக்குது. எவளும் வர்ல. நீ வந்த. சரி, மீனு வாங்கு. வெயில் ஏறுது."

சங்கராவும் நெத்திலியும் சேர்த்து ஒரு கூறு. "முந்நூறு" என்றாள்.

நான் ஆர்வமாகக் காத்திருந்தேன். அம்மா வழக்கப்படி நூற்றிருபதில் ஆரம்பிப்பாள், "செவுளைத் தூக்கிக் காட்டு, ரத்தம் செத்திருக்கே" என்பாள், எழுந்து நாலடி நடப்பாள், திரும்ப அழைக்கப்படுவாள்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். என் மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"யம்மா! இந்தா, பாக்கி!" என்று பின்னால் கூப்பிட்டாள் அந்தப் பெண்மணி.

"அது பாக்கிதான். வெச்சுக்க" என்றாள் அம்மா, திரும்பாமலே.

அந்தப் பெண்மணி ஒரு விநாடி நோட்டைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து ஓடி வந்து, இரண்டு கையாலும் நெத்திலியை அள்ளி அம்மாவின் பையில் கொட்டிவிட்டு, "கொசுறு" என்றாள். பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

அந்த மீனைப் பக்கத்திலேயே அடுப்பு வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்தோம். கூலி வாங்கிக்கொண்டு மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள் மட்டும் போட்டுக் கல்லில் வாட்டித் தந்தார்கள். தையல் இலையில் சோறு, மேலே குழம்பு. பவானிசாகர் அணை மீனைத் தவிர வேறு எதையும் மீன் என்றே ஒப்புக்கொள்ளாத என் மனைவி நெத்திலியை முறுக்கு மாதிரி கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா முள் எடுத்து எடுத்துப் பேத்திக்கு ஊட்டினாள். அவள் மீன் சாப்பிட்டு நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டாள். வீடியோ இளைஞர் மாதிரி கண்ணையெல்லாம் மூடவில்லை. "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். அம்மாவிடம் அதுதான் முதல் பரிசு.

மீதி நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே போனால் முட்டுக்காடு படகுத்துறையும் தட்சிணசித்ராவும். நாங்கள் போனது தெற்கே. வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல் ஆரம்பித்த முதலைப் பண்ணை. முதலைகள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கின்றன. சம்பளத் தேதிக்கு முந்தின நாள் நானும் அப்படித்தான். அடுத்து, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாளுவன்குப்பம். புலிக்குகையை எல்லாரும் பார்ப்பார்கள். பக்கத்தில் சுனாமிக்குப் பிறகு மணலுக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்த பழைய முருகன் கோயிலைப் பார்க்காமல் வராதீர்கள். அலை வெளியே காட்டிய கல்வெட்டைப் பிடித்துக்கொண்டுபோய் 2005-ல் கண்டுபிடித்தார்கள். செங்கல் அடித்தளமும் கல் வேலும் இருக்கின்றன. அம்மா அங்கே ரொம்ப நேரம் நின்றாள். "கடல் எடுத்துக்கிட்டுதான் போகும்னு நெனைச்சேன். குடுத்துட்டும் போயிருக்கு" என்றாள்.

மாமல்லபுரத்தில் ராஜசிம்மனின் கடற்கரைக் கோயில், வழக்கம்போல் வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தாங்குகிற மாதிரி ஒரு போட்டோ. மீன் ஓட்டல்கள் வேண்டுமென்றால் ஒத்தவாடைத் தெருவில் இருக்கின்றன. எங்களுக்கு வயிற்றில் இடமில்லை. சாலையோரத்தில் நுங்கு, கடற்கரையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். பதினாலு கடையில் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். பெட்ரோல், நுழைவுச் சீட்டு, நுங்கு எல்லாம் எழுதிவிட்டேன். மீன் முந்நூறு. மீதி இருநூறை எந்தக் கணக்கில் எழுதுவது?

"நூத்தி எண்பத்தஞ்சு அசல், பதினஞ்சு வட்டின்னு எழுது" என்றாள் அம்மா.

"இருபத்தொம்பது வருஷத்துக்குப் பதினஞ்சு ரூபாய் வட்டியா? கூட்டு வட்டி போட்டா..."

"தெரியும். அதுவுமில்லாம அந்தம்மா கொசுறு வேற போட்டுட்டா. ரெண்டு கையும் அள்ளி. குறைஞ்சது அம்பது ரூபா இருக்கும். கணக்கு முடியலைடா." வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினாள். கறிவேப்பிலைக்குப் பேரம் பேசும்போது வருகிற அதே தெளிவு முகத்தில் இருந்தது. "மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை போவோம். பேரம் பேசாம வாங்குவோம். வட்டி தன்னால அடையும்."

அடுத்த மாதம் போனோம். அதற்கு அடுத்த மாதமும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்மணி கொசுறு போடுகிறாள். என் கணக்குப்படி பாக்கி ஏறிக்கொண்டேதான் போகிறது.

அம்மா ஃபிளாட்டில் கதவுக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு கிழித்திருப்பதை நேற்றுதான் பார்த்தேன்.